மானியம் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஞாயிறுதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் மிருதங்கமும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். சங்கமாகப் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. மத்தியக் கலாச்சார அமைச்சகத்தில் ஐந்து லட்சம் மானியம் வாங்கித் தருவதாகக் கோவையிலிருந்து ஒருவர் வந்துபோகிறார். முன்பணம் 15,000 ரூபாய், மானியம் வந்ததும் 20 சதவீதம் என்கிறார். சங்கத்தின் பான் கார்டு நகலும் பைலா (சங்க விதிமுறைகள்) நகலும் அவரிடம் கொடுத்திருக்கிறோம். ஆசிரியருக்கு மாதாமாதம் ஏதாவது, இரண்டு மிருதங்கம், ஒரு தம்புரா, இவ்வளவுதான் எங்கள் தேவை. முன்பணம் கொடுக்கலாமா? – சங்கச் செயலாளர்

பதில்: கொடுக்காதீர்கள். எஞ்சிய எல்லாவற்றையும் பிறகு படித்துக்கொள்ளலாம்; முதலில் அந்த 15,000 ரூபாய் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.

அவர் சொல்லும் ஐந்து லட்சம் கற்பனை அல்ல. அமைச்சகத்தின் ‘கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா’ திட்டத்தில் பண்பாட்டு விழாக்களுக்கும் மேடைத் தயாரிப்புகளுக்கும் மானியம் தரும் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சங்கத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். விழா, பயிலரங்கு, கருத்தரங்கு, புதிய தயாரிப்பு ஆகியவற்றுக்கான பணம் அது. மிருதங்கம் வாங்குவதற்கோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நடத்துவதற்கோ அல்ல. மாதாமாதம் தொகை வருவது குரு – சிஷ்ய பரம்பரை மானியம் என்னும் வேறொரு பிரிவில். அது குழுவாக இயங்கி, தொடர்ந்து மேடையேறும் கலைஞர்களை உருவாக்கும் அமைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உங்கள் தேவைக்கும் அவர் விற்கும் சரக்குக்கும் சம்பந்தமே இல்லை.

மேலும், விழா மானியம் கேட்கும் சங்கம் பதிவாகிக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டுதான். இதைச் சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். ‘அதனால் என்ன? என்னிடம் பத்து வருடப் பழைய சங்கம் ஒன்று சும்மா கிடக்கிறது, அதன் பெயரில் போடலாம்’ என்பார். அல்லது, பொள்ளாச்சியில் ஒரு முகவரி காட்டித் தமிழ்நாட்டுச் சட்டப்படி இன்னொரு சங்கம் தொடங்கி இரண்டு பக்கமும் கேட்கலாம் என்பார். முதல் வழியில் மானியம் அந்தப் பழைய சங்கத்தின் கணக்குக்குப் போகும். பாட்டு நடக்கும் இடம் மட்டும் உங்களுடையது. இரண்டாம் வழி எல்லையோரத்தில் சர்வசாதாரணமாகிவிட்டது. ஆனால் இதே காரியத்துக்கு வேறு அரசு நிதி வாங்கவில்லை என்று எழுதிக் கையொப்பம் இட வேண்டியவர் நீங்கள்.

இனி அந்த 20 சதவீதம். ஐந்து லட்சமே வந்தாலும் ஒரு லட்சம் அவருக்கு. கணக்கில் தரகு என்று எழுத முடியாது. ஆகவே பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு என்று எங்கிருந்தோ பில் வரும். அரசு மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்று கொடுத்தாக வேண்டும். அதற்கான பன்னிரண்டு – ஏ படிவத்தில் பணம் ஒதுக்கிய காரியத்துக்கே செலவாயிற்று என்று சான்று சொல்வது சங்கம். தரகரின் பெயர் அதில் எந்த மூலையிலும் இருக்காது. கல்யாணத் தரகராவது பந்தி முடியும்வரை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். இவர்கள் முதல் தவணை வந்த அன்றே தொலைபேசியை எடுப்பதில்லை. மானியம் ஒரே தவணையில் வருவதும் இல்லை. கடைசிப் பங்கு விழா முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகுதான் வரும். அதுவரை உங்கள் கைக்காசு. வங்கியில் கிடந்த நாட்களுக்கு வட்டி சேர்ந்தால் அதையும் அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும்.

இரண்டு மிருதங்கம் வாங்க நினைக்கும் ஏழைச் சங்கத்தை இவ்வளவு அலைக்கழிப்பது நியாயமா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால், விழிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடும். தரகர்களைப் பிழைக்க வைப்பதே இந்த முறைதான்.

உங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கேரளத்தில் சங்கப் பதிவுக்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. பழைய மலபார் மாவட்டத்துக்கு 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம். பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம். பாலக்காட்டின் பெரும்பகுதி மலபார். ஆனால் உங்கள் பக்கத்துச் சித்தூர் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. பக்கத்துக் கொல்லங்கோடோ மலபார். ஆகவே அரைமணி நேர பஸ் பயணத்துக்குள் சட்டம் மாறுகிறது. ‘நாங்கள் பாலக்காடு மாவட்டம், எனவே 1860’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். பதிவுச் சான்றிதழை எடுத்து, அதில் எந்தச் சட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதையே விண்ணப்பத்திலும், பைலாவின் முதல் பக்கத்திலும், மொழிபெயர்ப்பிலும் எழுதுங்கள். கோவைத் தரகர்கள் கையில் வைத்திருக்கும் மாதிரி பைலாவில் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். சான்றிதழில் ஒரு சட்டம், பைலாவில் வேறு சட்டம் என்று போன கோப்புகள் கேள்விக்குறியோடு திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே தவறாக இருந்தால் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுத் திருத்தி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். வெள்ளைத் திரவம் தடவி மேலே எழுதாதீர்கள்.

மொழியிலும் இதே இரட்டை நிலை. கேரள அரசுக்கு நீங்கள் தமிழிலேயே மனு எழுதலாம். மாநிலத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. பதிலும் தமிழில் வர வேண்டும், வருகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். டெல்லிக்கு அனுப்பும் பைலாவுக்கோ ஆங்கில அல்லது இந்தி வடிவம் இணைக்க வேண்டும்.

கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறீர்கள் என்றால், பைலாவில் சங்கத்தின் நோக்கம் இசைக்கல்வி என்று தெளிவாக இருக்கட்டும். சமய நிறுவனங்களுக்கு இந்த மானியம் கிடையாது.

மூன்றாம் ஆண்டு முடியும்வரை செய்ய வேண்டியவை பெரிய வித்தை அல்ல. சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் ஆடிட்டர் தணிக்கை, கூட்ட நடவடிக்கைப் புத்தகம், பதிவாளரிடம் நிர்வாகக் குழுப் பட்டியல். நிகழ்ச்சி நடந்தால் அழைப்பிதழையும் புகைப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள். உடனடித் தேவைக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. பத்து முதல் பதினான்கு வயதுள்ள, நன்றாகப் பாடும் பிள்ளைகள் மத்தியப் பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையத்தின் உதவித்தொகைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அது பிள்ளைக்கே போகும், சங்கத்துக்கு அல்ல. மாநில அளவில் உங்களுக்கு உரியது திருச்சூரில் உள்ள கேரள சங்கீத நாடக அகாதமி. சென்னையின் இயல் இசை நாடக மன்றம் அல்ல. கேரளப் பண்பாட்டுத் துறையின் வஜ்ர ஜூபிலி ஃபெல்லோஷிப் பெறும் கலைஞர்கள் உள்ளாட்சி அமைப்புகள் வழியாக இலவசமாகக் கற்பிக்கிறார்கள். உங்கள் பகுதிக்கு இசை ஆசிரியர் உண்டா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். இரண்டு மிருதங்கத்துக்கு ஊரில் நன்கொடை திரட்டுவது, டெல்லிக்கு விண்ணப்பிப்பதைவிட விரைவில் முடியும்.

கடைசியாக, அவரிடம் போன நகல்கள். மத்திய அரசு மானியத்துக்குத் தேவையான தர்பண் எண்ணை (தன்னார்வ அமைப்புகளுக்கான அரசு இணையதளத்தில் பதிந்தால் கிடைக்கும் எண்) பெறக் கட்டணம் எதுவும் இல்லை. தரகர்கள் செய்யும் வேலை, சங்கத்தின் பெயரில் பதிந்து, தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவது. பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் நீங்கள் அவரிடம் கையேந்த வேண்டும். இந்த வாரமே தர்பண் இணையதளத்தில் உங்கள் சங்கத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவாகியிருந்தால், யாருடைய எண் என்று கேட்டு, நிர்வாகக் குழுத் தீர்மானத்துடன் மாற்றச் சொல்லி எழுதுங்கள். பதிவாகவில்லை என்றால் செயலாளர் எண்ணில் நீங்களே பதிந்துகொள்ளுங்கள். சங்கத்தின் சார்பில் எங்கும் விண்ணப்பிக்க அவருக்கு அனுமதி இல்லை என்று விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைக் கோப்பில் வையுங்கள்.