வழிச்செலவுக் காசு

அன்புள்ள ஐயா,

என் நெருங்கிய நண்பன் சென்ற ஆண்டு ஒரு கொடிய நோயினால் காலமானான். வரும் ஆண்டு நினைவு நாளில் அவன் பெயரில் நிதி திரட்டி, புற்றுநோயாளருக்கு உதவும் தொண்டு அமைப்பு ஒன்றுக்குக் கொடுக்க நண்பர்கள் எட்டுப் பேர் முடிவு செய்திருக்கிறோம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புவரை சைக்கிளில் போவது ஒரு யோசனை. இசை நிகழ்ச்சி நடத்தி டிக்கெட் விற்பது இன்னொன்று. எது நல்லது? அவன் படம் போட்ட டீசேர்ட் அடிக்கலாமா? அவன் பெயர் பொறித்து வைத்தியசாலைக்கு ஏதாவது கருவி வாங்கிக் கொடுக்கலாமா? அவனுடைய அண்ணாவோ, "என் தம்பியின் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் கையேந்துவதா?" என்று கோபிக்கிறார். அவர் மனம் நோகாமல் வேண்டுகோளை எப்படி எழுதுவது?

உப்புவெளி வாசகர்

*

அன்புள்ள தம்பி,

சைக்கிளா இசையா என்று என்னிடம் கேட்காதீர்கள். எட்டுப் பேருக்கும் கால் இருக்கிறது, குரல் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. சைக்கிளென்றால் செலவு குறைவு, கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று வழிநெடுக ஆட்களைப் பார்க்கலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்காகக் கரையில் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். நீங்கள் மிதித்துக்கொண்டே போய்விடலாம். போங்கள். டீசேர்ட்டைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு முதலில் கோபம் வந்தது உங்கள் முதல் வரியில். அது என்ன "கொடிய நோய்"? புற்றுநோயாளருக்கு நிதி சேர்க்கப் புறப்பட்டவருக்கு, நண்பனுக்கு வந்தது புற்றுநோய் என்று எழுதக் கை கூசுகிறது. வீட்டாரின் சம்மதத்தோடு வேண்டுகோளில் அதை எழுதுங்கள்: எந்த இடத்தில் வந்தது, எப்போது தெரிந்தது, எவ்வளவு காலம் தள்ளிப்போட்டான். இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது வாய்ப்புற்றுநோய். கண்ணாடிக்கு முன் வாயைத் திறந்தாலே தெரியக்கூடிய வெள்ளைத் திட்டாகவோ ஆறாத புண்ணாகவோ தொடங்குகிற நோய் அது. "புகையிலையை விட்டுவிட்டேன், இது வெறும் பாக்குத்தானே" என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் நம்மிடையே நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே தனியாகப் புற்றுநோய்க் காரணியென்று வகைப்படுத்திவிட்டது. நாமோ துக்க வீட்டுக்கு வருபவர் முன்னும் வெற்றிலைத் தட்டத்தைத்தான் முதலில் நீட்டுகிறோம். மூதூரில் இளைப்பாறும் நேரத்தில் ஒரு பல் வைத்தியரைக் கொண்டு பத்துப் பேரின் வாயைப் பார்க்கச் செய்தாலும் பயணத்துக்குப் பயன் உண்டு.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது அண்ணாவின் கோபத்துக்காக. "கையேந்துவதா?" என்ற அந்தக் கேள்வியோடு நான் பல காலமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் ஒரு நண்பன் இருந்தான். உட்துறைமுக வீதிப் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன். கன்னத்தின் உட்புறம் கட்டி. கொழும்புப் பக்கம் மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று முடிவாயிற்று. அரச வைத்தியசாலை, சிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. இந்த நாட்டில் நாம் பெருமைப்படக்கூடிய விடயங்கள் சிலவே, அதில் இது ஒன்று. ஆனால் வாய்ப்புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்பது ஒருநாள் வேலையன்று. வாரத்தில் ஐந்து நாள், ஆறேழு வாரம். ஒவ்வொரு நாளும் மேசையில் கிடப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காகத் திருகோணமலைக்காரனான அவன் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எல்லாம் தாண்டிப் போய் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு. ஊரில் இருவருடைய உழைப்பும் நின்றுபோகும். இலவசச் சிகிச்சைக்கு ஆகும் செலவு இது.

முகத்துக்கு அளவாக ஒரு வலை முகமூடி செய்வார்கள். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை முகத்தின்மேல் இழுத்து அழுத்தினால் மூக்கும் தாடையும் அப்படியே பதிந்து இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள், தலை நூலளவும் அசையக்கூடாது. "முகமூடி கிடைத்துவிட்டது, கொள்ளையடிக்க ஒரு வங்கிதான் கிடைக்கவில்லை" என்றான். நாங்கள் சிரித்தோம். சில வாரங்களில் வாய்க்குள் தோல் உரிந்து, கஞ்சியை விழுங்கக்கூட அவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பாதியில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இயந்திரம் பழுது, திருத்தியதும் கூப்பிடுவார்கள் என்று சொன்னான். இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனைவியின் தோடு ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்தது, அடுத்து வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. எங்களில் ஒருவரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. இடையில் விடுபடும் நாட்களில் கட்டியின் உயிரணுக்கள் மறுபடி பெருகும். நாள் தவறாதே என்று வைத்தியர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது அதனால்தான்.

அவன் செத்த மறுநாள் சந்தி முழுக்கக் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள். ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வழவழப்பான தாளில் நினைவு மலர்; தேவாரம், குடும்பப் படம், வம்சாவளி எல்லாம் பல வர்ணத்தில். ஒரு சங்கம் அவன் பெயர் பொறித்த கட்டிலொன்றை அன்பளிப்புச் செய்து படமும் எடுத்துக்கொண்டது. அச்சகத்துக்குப் போன காசில் பாதி முன்னரே அவன் கையில் இருந்திருந்தால் சிகிச்சையை முடித்திருப்பான். பிழைத்திருப்பானா என்று சொல்ல நான் வைத்தியன் அல்லன். முடித்திருப்பான்.

அவன் ஏன் கேட்கவில்லை? உங்கள் அண்ணா கேட்கிறாரே, "கையேந்துவதா?" என்று, அதுதான் காரணம். கொடுப்பது புண்ணியம், கேட்பது இழிவு என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். கோயில் திருவிழாவுக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு படலை படலையாக ஏறி இறங்கினால் மட்டும் அது தொண்டு! 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்கள். 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து காலியிலுள்ள கராப்பிட்டிய வைத்தியசாலைக்குச் சேர்த்தார்கள். அவர்களைப் பிச்சைக்காரர் என்று யாராவது சொன்னார்களா? நோயாளி தனக்காகக் கேட்கமாட்டான். கேட்க வெட்கப்பட்டே செத்துப்போவான். ஆகவே நோயில்லாத எட்டுப் பேர் சத்தமாகக் கேட்கத்தான் வேண்டும். அண்ணா மனம் நோகாமல் எழுதும் வித்தை எனக்குத் தெரியாது. கொஞ்சம் நோகட்டும். தம்பியை இழந்தவர், நேரில் போய் அவர் பக்கத்தில் இருங்கள், பேச விடுங்கள். அதற்காக வேண்டுகோளைப் பூசி மெழுகாதீர்கள்.

கருவி வேண்டாம். கருவி வாங்கிக் கொடுக்கப் பெரிய கைகள் வரும், பெயர்ப்பலகை மாட்ட இடம் இருக்கிறது அல்லவா? பஸ் டிக்கெட்டில் யார் பெயரைப் பொறிப்பது? அதனால்தான் அதற்குக் காசு வருவதில்லை. நீங்கள் கொடுக்கப்போகும் அமைப்பிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நோயாளிக்கு வழிச்செலவு போகும் முன்பு கிடைக்குமா, வந்த பின்பா? டிக்கெட்டைக் கொண்டு வா, பிறகு தருகிறோம் என்கிற உதவி கையில் ஏற்கெனவே காசு உள்ளவனுக்கான உதவி. இல்லாதவன் முதல் பஸ்ஸிலேயே ஏறமாட்டான். புறப்படுவதற்கு முந்திய நாள், அவன் வீட்டில், உறையில் வைத்து, துணைக்குப் போகிறவரின் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்க அவர்கள் ஒப்புக்கொண்டால் அந்த அமைப்புக்கே கொடுங்கள். இல்லையென்றால் வேறு அமைப்பைத் தேடுங்கள், அல்லது கிளினிக்கில் உள்ள தாதியரிடம் கேளுங்கள். யார் இடையில் நின்றுபோனார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

வாங்குபவரைப் படம் எடுக்கவே கூடாது. முகப்புத்தகத்தில் உறையின் ஒரு முனையை நீங்களும் மறுமுனையை ஒரு மொட்டைத் தலைத் தாயும் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேனென்றால் இந்தப் பதிலை நீக்கிவிடுவேன். கணக்கை மட்டும் எல்லோருக்கும் காட்டுங்கள். இரண்டு பேர் கையெழுத்து, இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, வந்தது போனது எல்லாம் நூலக வாசலில் ஒட்டப்பட வேண்டும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அனுப்புகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

அண்ணா இன்னும் கோபித்தால் என்னிடம் அனுப்புங்கள், என்னோடு கோபித்துக்கொள்ளட்டும். பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் தாளை எனக்கு எழுதுங்கள். சைக்கிள் திருத்தத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போங்கள், வெருகல் பக்கம் பஞ்சரானால் கடை தேடி அலைய வேண்டியிருக்கும்.