கிராமத்தில் பணியாற்றப் போகும் மருத்துவ மாணவர்களுக்குப் பொம்மைப் பயிற்சி உண்மையில் உதவுமா?

நிச்சயம் உதவும். பெங்களூரில் மாணவர்களுக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணி, தனி மருத்துவர், பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கு. புத்தகத்தைப் புரட்ட அப்போது நேரம் இருக்காது.

மாமா நட்டாலி என்ற பயிற்சிக் கருவியை ஒருவர் வயிற்றில் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பார். சிவப்பு நீர் வழியும். மாணவர் கருப்பையைச் சரியாகத் தேய்த்துவிட்டால்தான் தாயாக நடிப்பவர் அதை நிறுத்துவார். இங்கே அவர் கன்னடத்தில் புலம்புவார். தமிழ்ப் பிள்ளைகள் கைவேலையோடு அவருக்கு ஆறுதலும் சொல்லியாக வேண்டும். கருவிக்கு மின்சாரம்கூட வேண்டாம், பையில் போட்டு ஊருக்கே கொண்டுபோகலாம்.

அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து, எங்கே தயங்கினோம், கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் மருந்தை யார் கேட்டிருக்க வேண்டும் என்று பேச வேண்டும். தயவுசெய்து அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.