கேபிளுக்கு மட்டும் 62,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் திருக்கோவிலில் ஆசிரியையாக இருக்கிறேன். இவர் கட்டாரில் வேலை செய்கிறார். மார்கழி லீவுக்கு வரும்போது பிள்ளைகளோடு இருந்து படம் பார்க்க வீட்டில் ஒரு ஹோம் தியேட்டர் போட்டு வைக்கச் சொன்னார். சீட்டு எடுத்த காசு 4 இலட்சம் கையில் இருக்கிறது. 55 அங்குல 4கே டிவி, ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர், ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்த்து 390,000 ரூபாய். படமும் சத்தமும் போகும் எச்டிஎம்ஐ கேபிளுக்குக் கடைக்காரர் தனியாக 62,000 கேட்கிறார். 2 மீற்றர் கேபிள் இரண்டு, ஒவ்வொன்றும் 11,500. பிறகு ப்ரொஜெக்டர் வாங்கினால் தேவைப்படும் என்று சுவருக்குள் விட 12 மீற்றர் கேபிள் 39,000. “சாதாரண கேபிள் போட்டால் கலர் மங்கும், கடற்காற்றுக்குத் தாங்காது, இது தங்க முலாம்” என்கிறார். மிச்சக் காசைக் கடனட்டையில் தவணையாகக் கட்டலாமாம். என்ன செய்ய?

பதில்: கடனட்டையை வெளியில் எடுக்க வேண்டாம், டீச்சர். கையில் இருக்கிற 4 இலட்சத்துக்குள்ளேயே இந்த வேலை முடியும்.

கலர் மங்கும் என்ற கதை ஒரு காலத்தில் உண்மைதான். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பின் செருகிய காலத்தில் படம் அலையாகப் போனது. வயர் மட்டமானால் படமும் மங்கும், நிழல் விழும். 2002இல் வந்த எச்டிஎம்ஐ அப்படி இல்லை. அதில் போவது வெறும் இலக்கம். உங்கள் கணவர் கட்டாரிலிருந்து 50,000 அனுப்பினால் கணக்கில் 50,000 விழும், இல்லையென்றால் விழாது. எவ்வளவு பெரிய கட்டடம் உள்ள வங்கியால் அனுப்பினாலும் அந்த இலக்கம் கூடப்போவதில்லை. கேபிளும் அதே வேலையைத்தான் செய்கிறது. 11,500 ரூபாய்க் கேபிளிலும் 3,000 ரூபாய்க் கேபிளிலும், இரண்டும் ஒழுங்காக வேலை செய்தால், திரையில் தெரிவது ஒரே படம்.

கேபிள் சரியில்லையென்றால் படமே காட்டிக்கொடுத்துவிடும். கல்லடியில் என் வீட்டில் ஒரு நாள் படத்தின் இருட்டான பகுதிகளில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கத் தொடங்கின. இடையிடையே திரை ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்பியது. டிவி போய்விட்டது என்றே நினைத்தேன். பார்க்க வந்த தம்பி தன் பையிலிருந்து மெல்லிய, கறுப்பான, அழகே இல்லாத ஒரு கேபிளை எடுத்துச் செருகினார். புள்ளிகள் அந்த இடத்திலேயே நின்றன. கழற்றிப் போட்டது நூல் பின்னிய, விரல் தடிப்புள்ள, நான் நல்ல விலை கொடுத்து வாங்கிய கேபிள். எந்தச் சான்று லேபிளும் அதில் இல்லை. அன்றிலிருந்து கேபிளின் தடிப்பைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்க்கிறேன்.

நீங்களும் பெட்டியைப் பாருங்கள். “பிரீமியம் ஹை ஸ்பீட்” என்ற சான்று லேபிள் இருந்தால் அந்தக் கேபிள் விநாடிக்கு 18 கிகாபிட் தகவலைத் தாங்கும். விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனிப்படம், ஓடும் 4கே படத்துக்கு அது போதும். டிஷ் பெட்டியின் எச்டி படத்துக்கு 5 கிகாபிட்கூட வேண்டியதில்லை. “அல்ட்ரா ஹை ஸ்பீட்” என்பது 48 கிகாபிட். அது 8கே டிவிக்கும், 120 ஃப்ரேமில் கேம் விளையாடும் பிள்ளைகளுக்கும். விலை வித்தியாசம் சில நூறு என்றால் அதையே எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். லேபிளைக் கைத்தொலைபேசியால் ஸ்கேன் பண்ணி, உண்மையான சான்றா என்று கடையிலேயே பார்க்கலாம். பெட்டியில் “8கே” என்று மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தால் அது சான்று ஆகாது. 2 மீற்றருக்கு 3,500 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது என் கணக்கு. இரண்டுக்கும் 7,000. மொத்தம் 397,000, சீட்டுக் காசுக்குள்.

12 மீற்றர் கேபிள் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. செப்புக் கேபிளில் 5 மீற்றர் தாண்டினால் 4கே படம் தடுமாறத் தொடங்கலாம். அவ்வளவு தூரத்துக்கு ஒளியிழைக் கேபிள் வேண்டும், அது விலைதான். ஆனால் ப்ரொஜெக்டர் இன்னும் வாங்கவில்லையே! 39,000 ரூபாயைச் சுவருக்குள் புதைத்துவிட்டு, இல்லாத ஒரு சாமானுக்காகக் காத்திருக்கப் போகிறீர்கள். 2025இல் எச்டிஎம்ஐயின் புதிய பதிப்பு, 2.2, 96 கிகாபிட்டோடு வந்துவிட்டது. நீங்கள் ப்ரொஜெக்டர் வாங்கும் வருடத்தில் எது தேவைப்படும் என்று இன்றைக்கு யார் சொல்வது? மேசன் வேலை நடக்கிறதென்றால் ஒன்றரை அங்குலப் பிவிசி குழாயைச் சுவருக்குள் விடச் சொல்லுங்கள். கூர்மையான முழங்கை வளைவு இல்லாமல், நீளமாக வளையட்டும், இல்லாவிட்டால் பிளக் தலை மாட்டும். உள்ளே ஒரு நைலோன் கயிற்றை இழுத்து இரண்டு பக்கமும் முடிந்து வையுங்கள். பிறகு எந்தக் கேபிள் வந்தாலும் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

கடற்காற்றைப் பற்றி: தங்கம் துருப்பிடிக்காது என்பது உண்மை. திருக்கோவிலில் இரும்புக் கேற் எத்தனை வருடம் தாங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது, விலை குறைந்த கேபிள்களிலும் இருக்கிறது. அதற்காக ஒரு கேபிளுக்கு எண்ணாயிரம் கூடக் கொடுக்க முடியாது.

ஸ்பீக்கர் வயரில்தான் உண்மையான ஏமாற்று நடக்கிறது. அலுமினியத்துக்குச் செப்புப் பூச்சுப் பூசி, செப்பு என்று விற்கிறார்கள். ஒரு துண்டை உரித்து, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். உங்கள் அறைக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் தாராளம்.

கடனட்டைக்கு வருகிறேன். “வட்டியில்லாத் தவணை” என்றாலும் கையாளும் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு தவணை தப்பி, நிலுவைக்கு மாதம் 2 வீதம் வட்டி ஏறினால்கூட, 4 இலட்சம் போகக் குறைகிற 52,000க்கு முதல் மாதமே 1,040 ரூபாய். வெயிலில் நின்று அவர் உழைக்கும் காசு அது.

தவணைக்குக் கட்ட இருந்த காசில் கொஞ்சத்தை அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு எத்தனை டிவி போகிறது என்று பார்த்திருப்பீர்கள். மின்னல் மின்சார வயரால் மட்டும் வருவதில்லை, டிஷ் அன்ரெனா வயராலும் வரும். அங்கிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கும் டிவிக்கும் பாயும். ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த் சரியா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் திடீரென்று எகிறினால் தடுக்கும் நல்ல சேர்ஜ் புரொடெக்டர் ஒன்றையும் வாங்குங்கள். அதை நம்பிச் சும்மா இருக்காமல், இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

கேபிளைத் திருப்பி மாற்றித்தர ஒரு கிழமை அவகாசம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பூட்டிய அன்றே ஒரு 4கே படத்தை முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ கறுப்புத் திரையோ வந்தால் அடுத்த நாளே மாற்றுங்கள். புள்ளி இல்லாமல் நிறம் மட்டும் வெளிறித் தெரிந்தால், டிவியின் பிக்சர் செட்டிங்கில் “சினிமா” அல்லது “மூவி” என்று மாற்றிப் பாருங்கள். அதற்குக் காசு வேண்டியதில்லை.