பெட்டிக்குள் ஒரு தனுஷ்கோடி

கேள்வி: 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியில் வாழ்ந்த அப்பத்தாவின் சுருக்குப்பை, வலைத் தக்கைகள், நான் பொறுக்கிய சிப்பிகள் ஆகியவற்றைக் கொண்டு கலைப்படைப்பு செய்ய இயலுமா?
– வாசகி, மண்டபம்

பதில்: தாராளமாக இயலும். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல் (1903–1972), முறையாக ஓவியம் பயிலாமலேயே, நியூயார்க்கின் பழைய பொருள் கடைகளில் சேகரித்தவற்றைக் கண்ணாடி முகப்புள்ள பெட்டிகளில் அடுக்கி, தாம் ஒருபோதும் சென்றிராத ஐரோப்பாவைக் கற்பனையில் எழுப்பினார். நீங்கள் பார்த்திராத அந்தத் தனுஷ்கோடியையும், அப்பத்தா சொன்ன கதைகளிலிருந்து அவ்வாறே எழுப்பலாம். நினைவு விட்ட இடத்தைக் கற்பனை நிரப்புவது பொய்யாகாது என்பது என் உறுதியான கருத்து. சுருக்குப்பையில் பசை படவே கூடாது; நூலால் தைத்து நிறுத்துங்கள். சிப்பிகளை நன்னீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பவளத் துண்டுகளை மட்டும், கரையில் ஒதுங்கியிருந்தாலும் எடுக்காதீர்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை.