சீனர்கள் நடுவே ஒரே ஒரு தமிழர்: சிங்கப்பூர்க் கேள்வி பதில்

பதில் சொல்பவர் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். மனிதவளத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான்: சீனர்களோடு இருந்தும் நான் ஏன் தனியாக இருக்கிறேன்? ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே குடியிருப்போரில் சீனர்கள் 74 விழுக்காட்டுக்குச் சற்று மேல், மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. எந்த மேசையில் போய் உட்கார்ந்தாலும் நம்மவர் நாம் ஒருவராகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்ற முடியாது. அந்த மேசையில் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்பதை ஓரளவு மாற்றலாம். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

அக்கா, நான் கோயம்புத்தூர்ப் பையன். சாங்கி பக்கம் மென்பொருள் வேலை. டீமோடுதான் மதியம் சாப்பிடப் போகிறேன். தட்டை வைத்த ஐந்தாவது நிமிடம் எல்லாரும் மண்டரினுக்கு மாறிவிடுகிறார்கள். வேண்டுமென்றே செய்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை தம்பி. வீட்டுக்கு வீடு ஹொக்கியன், தியோச்சூ, காண்டனீஸ் என்று பேசிக்கொண்டிருந்த சீனர்களை ஒரே மொழிக்குக் கொண்டுவர அரசாங்கம் 1979-இல் 'மண்டரின் பேசுங்கள்' இயக்கத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு வளர்ந்தவர்கள்தான் உங்களோடு சாப்பிடுகிறார்கள். கூடவே மலேசியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்தவர் ஒருவர் இருந்துவிட்டால், பேச்சு தானாக அந்தப் பக்கம் சரிந்துவிடும். நாம் நாலு தமிழர் சேர்ந்தால் ஆங்கிலத்திலா அரட்டை அடிக்கிறோம்?

ஆனால் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதற்காக உங்களுக்கு வலிக்காமல் போய்விடாது. அதனால் இரண்டு இடங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் மண்டரின் வந்தால் அந்த நொடியே, சிரித்த முகத்தோடு, "சாரி, இங்கிலீஷ் ப்ளீஸ்" என்று சொல்லுங்கள். அது உங்கள் வேலைக்குத் தேவை, சலுகை இல்லை. முதல் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டால், இவனுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள்.

சாப்பாட்டு மேசையில் அந்தக் கறார் வேண்டாம். மொத்தக் கூட்டத்தையும் மாற்றப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைப் பிடியுங்கள். "என்ன சிரிப்பு, எனக்கும் சொல்லேன்" என்று அவரிடம் மட்டும் கேளுங்கள். நான் பார்த்தவரை ஒரு குழுவுக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் ஒரே ஒரு ஆள் வழியாகத்தான் நுழைந்தார்கள். அந்த ஆள் பெரும்பாலும் கூட்டத்தில் அதிகம் பேசாதவராக இருப்பார். அவரோடு தனியாக ஒரு கோப்பி குடிக்கப் போங்கள்.

தொடக்கக்கல்லூரி (பிளஸ் டூ மாதிரி) மாணவி நான், இங்கேயே பிறந்தவள். "நீ மற்ற இந்தியர்கள் மாதிரி இல்லை, அந்த சீக்கா ஆட்கள் மாதிரி இல்லவே இல்லை" என்று தோழிகள் பாராட்டுகிறார்கள். சந்தோஷப்படுவதா?

வேண்டாம் கண்ணு. சீக்கா (CECA) என்பது 2005-இல் இந்தியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட பொருளாதார ஒப்பந்தம். அதை இப்போது இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எல்லார்மேலும் வசையாக ஒட்டுகிறார்கள். உன்னை உள்ளே விடுவதற்கு வாசலில் வேறொருவரைத் தள்ளிவிடச் சொல்கிற பாராட்டு இது. இங்கே பிறந்த நம்மில் பலர் அதை வாங்கிக்கொண்டு, "ஆமாம், நாங்கள் வேறு" என்று தலையாட்டுகிறோம். எனக்கு அது பிடிப்பதில்லை. பேருந்தில் உன்னைப் பார்த்து முகம் சுளிப்பவர் உன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுவிட்டா சுளிக்கப் போகிறார்? "என் அம்மாவின் தோழிகள் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள்தான்" என்பது போல ஒரு வரி உண்மையாக இருந்தால் சொல்லிவிடு. தோழிகளை இழக்க வேண்டிய அளவுக்கு இது பெரிதில்லை.

வாடகை வீடு தேடுகிறோம். முகவர் போனில் என் பெயரைக் கேட்டதும், "ஓனர் இந்தியர் வேண்டாம் என்கிறார், சமையல் வாசனை" என்கிறார். இது சட்டப்படி சரியா?

முகவர்கள் விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிட்டு ஒதுக்கக் கூடாது என்று சொத்து முகவைகள் மன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. எழுத்தில் அப்படிப் போட்டிருந்தால் படம் பிடித்து மன்றத்துக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சாக வரும்போது பிடிப்பது கஷ்டம், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, வீடு வாங்குவதற்கும் விற்பதற்கும் உரியது. ஒரே புளோக்கில் ஒரே இனம் குவியாமல் இருக்க ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரம்பு. முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஒரு தனி வரம்பு உண்டு, மலேசியர்களுக்கு அது கிடையாது. ஆகவே, "கோட்டா முடிந்துவிட்டது" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். "வாசனை" என்று சொன்னால் அது கோட்டா இல்லை. அந்த முகவரை விட்டுவிட்டு, முதல் செய்தியிலேயே பெயர், வேலை, எத்தனை பேர், சமைப்போம் என்பதையெல்லாம் போட்டுவிடுங்கள். வீடு பார்க்கப் போய்த் திரும்பும் அலைச்சலாவது மிச்சம்.

மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, தெக்கோங் தீவுக்குப் போகிறான். அவன் செக்‌ஷனில் தமிழர் யாரும் இல்லாவிட்டால்?

இரண்டே வாரம் பொறுங்கள் அம்மா. மழையில் குழி வெட்டி, ஒரே பிஸ்கட்டைப் பங்குபோட்டவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். வீட்டுக்கு வரும்போது ஹொக்கியன் கெட்டவார்த்தைகளோடு வருவான், அதற்குத் தயாராக இருங்கள்.

"லைட் போய்விட்டது, சிரி, அப்போதுதான் தெரிவாய்." இந்த ஜோக்கை எத்தனை முறை சிரித்துச் சமாளிப்பது?

இனி ஒருமுறையும் வேண்டாம். சிரிக்காதீர்கள், கோபமும் காட்டாதீர்கள். "இது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்திக்கொள்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். நல்ல நண்பன் என்றால் அன்று மாலையே வந்து வருத்தம் தெரிவிப்பான். மேலதிகாரி என்றால் தேதி, இடம், கூட இருந்தவர்கள், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். மனிதவளத் துறையில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: "அடிக்கடி சொல்வார்" என்ற புகாரை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தேதியோடு மூன்று வரி இருந்தால் முடியும்.

வேலை விளம்பரத்தில் "மண்டரின் தெரிந்திருக்க வேண்டும்" என்று போடுகிறார்கள். நமக்குக் கதவடைப்புதானே?

சில இடங்களில் நியாயமான தேவை: மண்டரின் மட்டும் பேசும் வாடிக்கையாளர்கள் இருந்தால். காரணம் எழுதாமல் போட்டால் சந்தேகப்படலாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் இனமும் மொழித்திறனும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு டீமில் லோ ஹே (எல்லாரும் சேர்ந்து சாப்ஸ்டிக்கால் தூக்கிக் கலந்து சாப்பிடும் மீன் சாலட்). நான் சைவம். போகாமல் இருந்துவிடட்டுமா?

போங்கள்! மீன் இல்லாமல் ஒரு தட்டு முன்கூட்டியே கேட்டால் பல உணவகங்களில் கிடைக்கும். சாப்பிடாவிட்டாலும் சாப்ஸ்டிக்கைப் பிடித்து உயரமாகத் தூக்கி, "ஹுவாட் ஆ" (செழிக்கட்டும்) என்று கத்துங்கள், அதுதான் முக்கியம். யார் வீட்டுக்காவது போனால் இரண்டு ஆரஞ்சு, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கல்யாணமாகியிருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஆங் பாவ், அதாவது சிவப்பு உறையில் பணம். தொகை இரட்டைப்படையாக இருக்கட்டும், நான்கு மட்டும் வேண்டாம். அப்புறம் தீபாவளிக்கு அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். முறுக்கு டப்பாவை ஆபீஸுக்குத் தூக்கிப் போவதைவிட வீட்டுக்குக் கூப்பிடுவது பத்து மடங்கு வேலை செய்யும்.

என் பிரச்சினை தலைகீழ். வங்கி ஐடி பிரிவில் மேலாளர் நான். டீமில் பத்துப் பேர் தமிழர், தெலுங்கர். ஒரே ஒரு சீனப் பெண். இடமாற்றம் கேட்டிருக்கிறார். நாங்கள் எதுவும் தவறாகப் பேசவில்லையே?

பேசாததுதான் பிரச்சினையாக இருந்திருக்கும். மேலே அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி கேட்டதை அப்படியே அவர் வாயில் வைத்துப் படியுங்கள். மீட்டிங் முடிந்ததும் தமிழில் இரண்டு நிமிடம் பேசி முடிவெடுக்கிறீர்களா? முக்கியமான தகவல் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வருகிறதா? வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு யார் அவரைக் கூப்பிடுகிறார்கள்? இடமாற்றக் கடிதத்தை இன்னும் மேலே அனுப்பவில்லை என்றால், நாளை அவரைத் தனியாகக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். அவர் போகத்தான் வேண்டும் என்றால் நல்ல பரிந்துரையோடு அனுப்புங்கள், அடுத்து வருபவர் சேரும் முன்பே அந்த வாட்ஸ்அப் குழுவை மூடிவிடுங்கள்.