மீன் தொட்டிக்கு ஒரு மருந்துப் பெட்டி: கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அலங்கார மீன்களின் நோய், மருந்து பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

வீட்டில் இரண்டு தொட்டி இருக்கிறது. அவசரத்துக்கு எந்தெந்த மருந்து வாங்கி வைக்க வேண்டும்? கடையில் பத்துப் பதினைந்து பாட்டில் காட்டுகிறார்கள். – வாசகர், தருமபுரி

மருந்தை விட அளக்கும் சாமான்களை முதலில் வாங்குங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 1 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சுகள், தெர்மாமீட்டர், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரைட், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மூன்றையும் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட். இவை இல்லாமல் எத்தனை பாட்டில் வைத்திருந்தாலும் பயன் இல்லை. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பாதி நேரம் அது நோயே அல்ல, தண்ணீர் கெட்டிருக்கிறது. அப்போது மருந்து ஊற்றினால் பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, அம்மோனியா இன்னும் ஏறும்.

அடுத்து, நோயுற்ற மீனுக்குத் தனி இடம். 20 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் பில்டர், 25 வாட் ஹீட்டர், தனி வலை. மணலும் செடியும் வேண்டாம். ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியிலேயே ஓட விட்டு வையுங்கள். மீனுக்கு நோய் வந்த அன்றே எடுத்து டப்பில் போட்டால் பாக்டீரியாவோடு வரும். புது ஸ்பாஞ்ச் பழக நாலைந்து வாரம் ஆகும்.

மருந்து என்று பார்த்தால் ஆறு போதும்: கல் உப்பு, ஹைப்போ எனும் சோடியம் தயோசல்பேட், மெத்திலீன் புளூ, பொட்டாசியம் பெர்மாங்கனேட், வெள்ளைப்புள்ளிக்கான மாலகைட் கிரீன் சொட்டு மருந்து, எப்சம் உப்பு. கல் உப்பும் எப்சம் உப்பும் ஒன்றல்ல. வயிறு உப்பி, மலம் கழிக்க முடியாமல் தவிக்கும் மீனுக்கு எப்சம் உப்பு: 20 லிட்டருக்கு 5 கிராம். கல் உப்பு செவுள், தோல் பிரச்சினைகளுக்கும் நைட்ரைட் விஷத்துக்கும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டாலே அதிலிருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுத்துவிடும்.

என் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 54 லிட்டர் என்று கணக்குப் போட்டு மருந்து ஊற்றினேன். மீன்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. ஏன்? – வாசகி, பாலக்கோடு

54 லிட்டர் என்பது காலித் தொட்டியின் கணக்கு. 60 x 30 x 30 செ.மீ. தொட்டியில் யாரும் விளிம்பு வரை தண்ணீர் நிரப்புவதில்லை, 26 செ.மீ. இருக்கும். அதில் 5 செ.மீ. மணல். மீதி 21 செ.மீ. உயரத்துக்கு 60 x 30 x 21 வகுத்தல் 1000 என்றால் ஏறக்குறைய 38 லிட்டர். 54 லிட்டர் அளவு மருந்து அதில் விழுந்தால் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். மாலகைட் கிரீன் போன்ற மருந்துக்கு இந்த வித்தியாசமே மீனைச் சாய்க்கப் போதும்.

இப்போது பாதித் தண்ணீரை மாற்றுங்கள், காற்றை முழுசாக விடுங்கள், பில்டரில் புதுக் கரித்தூள் பையைப் போடுங்கள். மாலகைட் கிரீன், மெத்திலீன் புளூ போன்ற சாய மருந்துகளைக் கரி உறிஞ்சிவிடும். அதே காரணத்தால், மருந்து கொடுக்கும் நாட்களில் கரிப்பை பில்டரில் இருக்கவே கூடாது. இது பலருக்கும் மறந்துபோகிறது. பிறகு 'மருந்து வேலை செய்யலை' என்று இரண்டாவது தடவை ஊற்றுகிறார்கள்.

எங்கள் ஊர் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்கிறார்கள். மீன் சாவது அதனால்தானா? ஒகேனக்கல் தண்ணீருக்கு மாறலாமா? – வாசகர், பென்னாகரம்

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் புளோரைடு நம் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நம் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் மீன் ஒரே ராத்திரியில் சாக, அதைப் போலப் பல மடங்கு புளோரைடு வேண்டும். உங்கள் போர் தண்ணீரில் நீங்கள் பார்க்க வேண்டியது பிஎச்.

25 டிகிரி தண்ணீரில் பிஎச் 7 என்றால், மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் 5 சதவீதம், 8.5 என்றால் 15 சதவீதம். பக்கத்து ஊரில் பிஎச் 7 தண்ணீரில் ஒன்றும் ஆகாத அதே அம்மோனியா அளவு, பிஎச் 8.5 இருந்தால் உங்கள் தொட்டியில் மீனைக் கொல்லும். ஆகவே தீனியைக் குறையுங்கள், வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள், சாயங்காலம் ஒரு தடவை பிஎச் பாருங்கள்.

ஒகேனக்கல் தண்ணீர் நல்லதுதான், ஆனால் அதில் குளோரின் உண்டு. நேராகக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றினால் செவுள் வெந்துபோகும். 10 கிராம் ஹைப்போவை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து பழுப்பு பாட்டிலில் வையுங்கள். 10 லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு அதில் 1 மி.லி. போதும். லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரையிலான குளோரினை அது முறித்துவிடும். போர் தண்ணீரிலிருந்து இதற்கு மாறும்போது ஒரே நாளில் முழுசாக மாற்றாமல் வாரம் கால் பங்காக மாற்றுங்கள்.

ஓசூர் குளிரில் ஒவ்வொரு மார்கழியும் மீன்கள் மேல் ரவை தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி வருகிறது. மருந்து போட்டு மூன்றாம் நாள் மறைந்து, திரும்ப வந்துவிடுகிறது. – வாசகி, ஓசூர்

திரும்ப வரவில்லை. அது போகவே இல்லை. மீன் மேல் தெரியும் புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி. மருந்து அதைத் தொடாது. அது முற்றி மீனிலிருந்து கழன்று அடியில் விழுந்து, கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகும். அந்தக் கூட்டையும் மருந்து தொடாது. வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும் குட்டிகளை மட்டும்தான் கொல்ல முடியும். மூன்றாம் நாள் புள்ளி மறைந்தது என்றால் எல்லாம் கழன்று மணலுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கே மருந்தை நிறுத்துவதுதான் தவறு.

வெப்பமண்டல மீன்கள் என்றால், ஹீட்டர் வைத்து நாளைக்கு 2 டிகிரி வீதம் ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டு போங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும், பெரும்பாலான வகைகள் 30 டிகிரியில் பெருகவும் திணறும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் ஏர் ஸ்டோனை ஒன்றுக்கு இரண்டாக்குங்கள். உப்பை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை லிட்டருக்கு 1 கிராம் வீதம் மூன்று தவணையாகப் போட்டு 3 கிராமுக்குக் கொண்டு வாருங்கள். 38 லிட்டர் தொட்டிக்கு ஒரு தவணை 38 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள், கைப்பிடிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது 7 நாள் தொடருங்கள்.

உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றியதற்கு நிரப்பும்போது உப்பு சேர்க்க வேண்டாம். 10 லிட்டர் எடுத்து மாற்றினால் மட்டும், அந்த 10 லிட்டருக்கு 30 கிராம். கோரிடோரஸ், லோச் போன்ற செதிலில்லாத, உப்பு தாங்காத மீன்களும் செடிகளும் இருந்தால், உப்பைத் தவிர்த்து சொட்டு மருந்தைப் பாதி அளவில் கொடுங்கள்.

மார்கழி, தை ராத்திரிகளில் ஹீட்டர் இல்லாத தொட்டி சட்டென்று குளிர்ந்துவிடும். அந்த அதிர்ச்சிதான் மீனின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கிறது. லிட்டருக்கு 1 வாட் கணக்கில் ஒரு ஹீட்டர் நிரந்தரமாக இருந்தால் அடுத்த மார்கழியில் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

வாயைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கிறது. பூஞ்சை என்று ஹீட்டரைக் கூட்டினேன். இரண்டே நாளில் நான்கு மோலி செத்துவிட்டது. – வாசகர், அரூர்

அவ்வளவு வேகமாகக் கொன்றது பூஞ்சையாக இருக்காது. காலம்னாரிஸ் எனும் பாக்டீரியா நோய் பஞ்சு போலவே தெரியும், சூட்டில் இன்னும் வேகமெடுக்கும். பூஞ்சை என்றால் நீளமான, மெல்லிய நூல்கள் தண்ணீரில் அசையும். ஏற்கெனவே காயம் பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் வரும். காலம்னாரிஸ் தட்டையாக, அழுக்கு வெள்ளையாக, உதட்டிலும் முதுகில் சேணம் போட்ட மாதிரியும் படரும்.

சந்தேகம் வந்தால் ஹீட்டரை 24 டிகிரிக்கு மெதுவாக இறக்கி, மீனைத் தனி டப்புக்கு மாற்றி, பெர்மாங்கனேட் குளியல் கொடுங்கள். தராசில் 40 மில்லிகிராம் நிறுக்க முடியாது. அதனால் 1 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள், 1 மி.லி.க்கு 1 மில்லிகிராம் ஆகிவிடும். 20 லிட்டர் டப்புக்கு அதில் 40 மி.லி. விட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். தண்ணீர் ரோஸ் நிறமாக 4 மணி நேரம் நிற்க வேண்டும். அதற்குள் டீத்தண்ணி நிறமானால் டப்பில் அழுக்கு அதிகம், மருந்து அதிலேயே செலவாகிவிட்டது என்று அர்த்தம். மீன் மூச்சுத் திணறினால் உடனே ஹைப்போ கரைசலை விடுங்கள், ரோஸ் நிறம் நீங்கிவிடும். பிஎச் மிக அதிகமான போர் தண்ணீரில் இந்தக் குளியல் வேண்டாம். மாங்கனீஸ் பழுப்புத் துகளாகச் செவுளில் படியும்.

டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டச் சொல்கிறார்களே? – வாசகர், ஊத்தங்கரை

கொட்டாதீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிவிடும். நம் பக்கத்துக் கடின நீரில் கேப்ஸ்யூல் கொட்டினால் தண்ணீர் மஞ்சளாகி நுரை கட்டும், மீனுக்குள் மருந்து போகாது. எஞ்சியது பில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும். ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குவதும் சட்டப்படி தவறு. விலை உயர்ந்த கோய், அரோவானா என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் தீனியில் கலந்து கொடுக்கும் மருந்து கேளுங்கள். இந்த மருந்து நம் பெட்டியில் இருக்கவே வேண்டாம்.

மஞ்சள் தூள், வேப்பிலைக் கஷாயம்? – வாசகி, காரிமங்கலம்

இரண்டும் வேண்டாம். மஞ்சளின் சத்து தண்ணீரில் கரையாது, தூள் செவுளில்தான் ஒட்டும். வேம்பு மீன்களுக்கு நஞ்சு. காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டு போடலாம். பைட்டர் மீனுக்கு அது நன்றாக ஒத்துப்போகும்.

தோட்டத்துத் தொட்டியில் இருக்கும் கோய் மீன் உடம்பில் நூல் மாதிரி தொங்குகிறது. மாலகைட் கிரீன் ஊற்றலாமா? – வாசகர், காவேரிப்பட்டணம்

அது நங்கூரப்புழு. மாலகைட் கிரீனுக்கோ உப்புக்கோ சாகாது. மீனை ஈரத்துணியில் பிடித்து, புழு தோலுக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே ட்வீசரால் பற்றி மெதுவாக இழுங்கள். நடுவில் அறுந்தால் தலை உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். எடுத்த இடத்தில் பஞ்சில் தொட்ட போவிடோன் அயோடினை வையுங்கள், செவுளிலும் கண்ணிலும் படக்கூடாது. மீதி முட்டைகள் பொரிக்கும், ஆகவே ஒரு மாதம் வரை வாரம் இரு முறை ஒவ்வொரு மீனையும் பாருங்கள்.

இன்னொன்று. மாலகைட் கிரீன் உணவு மீன்களுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. கட்லா, ரோகு விட்ட குட்டையில் அது ஒரு சொட்டும் விழக்கூடாது. அலங்கார மீனுக்குப் பயன்படுத்தும்போதும் கையுறை போடுங்கள்.

மருந்துகளை எங்கே, எவ்வளவு நாள் வைக்கலாம்? – வாசகி, கிருஷ்ணகிரி

தொட்டி மூடி மேல் வைக்காதீர்கள். விளக்குச் சூடும் ஈரமும் படும். வெயில் படாத, பூட்டுப் போடும் அலமாரியில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே மார்க்கரில் எழுதுங்கள். ஹைப்போ கரைசலை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதிதாகக் கலக்குங்கள், பெர்மாங்கனேட் கரைசலை அன்றன்று. பெர்மாங்கனேட் தூள் இருக்கும் தட்டில் கிளிசரின் பாட்டில் இருக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் தானாகத் தீப்பிடிக்கும். பார்மலினோடும் அதைச் சேர்க்கக் கூடாது. மெத்திலீன் புளூ சிலிகான் ஒட்டைக் கறையாக்கும், எனவே டப்பில் மட்டும்: 1 சதவீதக் கரைசல் என்றால் 20 லிட்டருக்கு 4 மி.லி.

மருந்து கலந்த தண்ணீரை எங்கே கொட்டுவது? – வாசகர், மத்தூர்

சாயத் தண்ணீரில் கரிப்பையை ஒரு ராத்திரி ஓடவிட்டு நிறம் போன பிறகு கழிவுநீர்த் தொட்டியில் விடலாம். கிணறு, ஏரிக் கால்வாய்ப் பக்கம் போகக்கூடாது. உப்புத் தண்ணீரைத் தென்னைக்கும் பூச்செடிக்கும் ஊற்ற வேண்டாம். வலையையும் டப்பையும் அடுத்த மீனுக்கு எடுக்கும் முன் பெர்மாங்கனேட் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெயிலில் மொறுமொறுவெனக் காயவிடுங்கள்.