ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கணினி உதவுமா?

உதவும், முக்கியமாக வாசிப்புச் சரளத்துக்கு. சொல்லைக் கூட்டிப் பார்க்காமல், பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பதுதான் சரளம். மனம் ஒரே நேரத்தில் தாங்கும் சுமை கொஞ்சம்தான். 'திரும்பிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். பாம்பன் கரையில் வீச்சுவலை பழகும் பையனைப் பாருங்கள்: கை பழகும்வரை அவன் கண் வலையிலேயே இருக்கும், மீன் போய்விடும்.

கணினி ஒரு பத்தியை வாசித்துக்கொண்டே அந்தந்தச் சொல்லை நிறம் மாற்றிக் காட்டும். வேகத்தைக் குறைக்கலாம், எத்தனை முறை கேட்டாலும் அதற்குச் சலிக்காது. இந்த வயதில் பெரிய தடை வெட்கம். ஊர் மண்டபமோ தொண்டியோ, ஆறாம் வகுப்புப் பாடத்தை எல்லார் முன்னும் திக்கித்திக்கி வாசிக்க எந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மனம் வரும்? ஹெட்போன் போட்டால் பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால், கணினியின் பாதிப் பயன் இதுதான். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் உள்ள ஹைடெக் லேப் என்ற கணினி அறை போதும். (சில இயந்திரக் குரல்கள் ழகரத்தைச் சொதப்பும், ஆசிரியர் முதலில் கேட்டுவிடட்டும்.)

திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்தாலே வாசிப்பு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, பிள்ளை வாய்விட்டுத் திரும்ப வாசிக்க வேண்டும், என்ன புரிந்தது என்று ஓர் ஆள் கேட்கவும் வேண்டும்.